கேம் கன்சோலில் கை வைக்கும் முன்: திரும்பி வர வழி இருக்கிறதா?

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய வீடியோ கேம் கருவி ஏதாவது தூங்கிக் கொண்டிருக்கிறதா? சோனியின் பி.எஸ்.பி., நின்டெண்டோவின் வீ, 3டி.எஸ். என எதுவாக இருந்தாலும் சரி. அதைத் தூசி தட்டி எடுத்து, அதன் சிஸ்டம் சாப்ட்வேரை மாற்றிப் பார்க்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நான் சாப்ட்வேர் எஞ்சினியர் என்று தெரிந்தவுடன் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குறே, இதைக் கொஞ்சம் மோட் பண்ணிக் கொடேன்!"

இந்த ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. வீ கருவிக்கான இணையக் கடையை நின்டெண்டோ 2019 ஜனவரியில் மூடிவிட்டது. 3டி.எஸ். கருவிக்கான கடையில் 2023 மார்ச் மாதத்திற்குப் பிறகு புதிதாக எதையும் வாங்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய கருவி நன்றாக ஓடுகிறது. அதற்கு விற்பனைதான் நின்றுவிட்டது. தனி ஆர்வலர்கள் எழுதிய சிறு கேம்கள், பாட்டு கேட்க ஒரு புரோகிராம், கேமில் நாம் சேமித்து வைத்த பைல்களுக்கு ஒரு காப்புப் பிரதி என்று நியாயமான தேவைகள் பல உண்டு.

எனவே "மாற்றவே கூடாது" என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கருவி கெட்டுப் போனால் பழைய நிலைக்குக் கொண்டு வரும் வழி, உங்கள் மாடலுக்குப் பொருந்தும் வழி, முன்கூட்டியே உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தொடாதீர்கள். "ரொம்ப சுலபம்", "லட்சம் பேர் செய்துவிட்டார்கள்", "பத்து நிமிட வேலை" என்பதெல்லாம் கை வைப்பதற்குக் காரணங்கள் ஆகா. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? பார்ப்போம்.

கம்ப்யூட்டர் வேறு, கன்சோல் வேறு

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கெட்டுப் போனால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பென் டிரைவை மாட்டி, மீண்டும் இன்ஸ்டால் செய்துவிடுகிறோம். ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டாலும் புதிதாக ஒன்றை வாங்கிப் போடலாம். கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கும் பயாஸ் தனியே மதர்போர்டில் இருக்கிறது. விண்டோஸ் அழிந்தாலும் அது அழிவதில்லை.

பழைய கேம் கன்சோல்களில் கதை வேறு. சிஸ்டம் சாப்ட்வேர் முழுவதும் போர்டில் ஈயம் வைத்து ஒட்டப்பட்ட பிளாஷ் மெமரி சிப் ஒன்றில் இருக்கும். முதல் பி.எஸ்.பி. மாடலில் இது வெறும் 32 எம்பி. பவர் சுவிட்சைத் தள்ளியதும் முதலில் ஒரு சிறிய புரோகிராம் விழிக்கிறது. அது அடுத்த புரோகிராமின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து எழுப்புகிறது. அது அதற்கடுத்ததை எழுப்புகிறது. இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில்தான் மெனு திரைக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றாலும், கையெழுத்து பொருந்தவில்லை என்றாலும் கருவி அங்கேயே நின்றுவிடும். திரையில் எதுவும் வராது. எப்8 அழுத்திச் சேப் மோடுக்குப் போக அங்கே கீபோர்டும் இல்லை. இந்த நிலைக்குத்தான் "பிரிக்" ஆகிவிட்டது என்கிறார்கள். கையில் இருப்பது இனி செங்கல், அவ்வளவுதான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை நம்மைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட பூட்டு என்றே பலரும் நினைக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அதே சோதனைதான் கண்ட கண்ட புரோகிராம்களும் உள்ளே நுழையாமல் காக்கும் வாட்ச்மேனும்கூட. வாட்ச்மேனை அனுப்பிவிட்டால் அந்த வேலை நம் தலையில் விழும். வருகிற ஒவ்வொரு பைலும் யார் எழுதியது, உள்ளே என்ன செய்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்?

நான்கு பைல்கள் போயின, கருவியே போனது

இதற்கு நல்ல உதாரணம் 2005 ஆம் ஆண்டு நடந்தது. ஜப்பானில் 2004 டிசம்பரில் பி.எஸ்.பி. வெளிவந்தது. அதன் 1.50 பர்ம்வேரில் ஓட்டைகள் இருந்ததால் ஆர்வலர்கள் தாங்களே எழுதிய புரோகிராம்களை அதில் ஓட்டினார்கள். 2005 இல் சோனி 2.00 பதிப்பை வெளியிட்டு அந்த ஓட்டைகளை அடைத்தது. கூடவே இன்டர்நெட் பிரவுசரையும் கொடுத்தது. பிரவுசருக்கு ஆசைப்பட்டு அப்டேட் செய்தவர்கள், சொந்தப் புரோகிராம்களை ஓட்ட முடியாமல் மீண்டும் 1.50க்கு இறங்க வழி தேடினார்கள்.

அந்தத் தேடலைப் பயன்படுத்திக் கொண்டு 2005 அக்டோபரில் ஒரு பைல் இணையத்தில் சுற்றியது. 2.00 பதிப்பைப் பழைய பதிப்புக்கு இறக்கித் தரும் என்று சொல்லிக் கொண்டு வந்தது. உண்மையில் அது செய்த வேலை வேறு. பி.எஸ்.பி. எழுந்து வருவதற்குத் தேவையான நான்கு சிஸ்டம் பைல்களை அது பிளாஷ் மெமரியிலிருந்து அழித்தது. அடுத்த முறை பவர் போட்டால் கருவி எழுந்திருக்காது. சைமன்டெக் நிறுவனம் இதற்கு "ட்ரோஜன் பி.எஸ்.பி.பிரிக்" என்று பெயர் வைத்து எச்சரித்தது. அதே மாதத்தில் நின்டெண்டோ டி.எஸ். கருவியைச் செங்கல்லாக்கும் ட்ரோஜன் ஒன்றும் தலைகாட்டியது.

கம்ப்யூட்டர் வைரஸ் என்றால் ஆண்டி வைரஸ் இருக்கிறது. அது தவறினாலும் பார்மட் செய்து தப்பிக்கலாம். இங்கே இரண்டும் இல்லை. சில நொடி வேலை, நான்கு பைல்கள், கருவி காலி.

உயிர் கொடுத்த பேட்டரி

அப்படிப் போன பி.எஸ்.பி.க்கள் என்ன ஆயின? இரண்டு ஆண்டுகள் கழித்து விடிவு வந்தது, அதுவும் பேட்டரி வழியாக! சோனியின் சர்வீஸ் சென்டர்களில் ஒரு விசேஷ பேட்டரி பயன்படுத்தப்பட்டது. பி.எஸ்.பி. எழும்போது பேட்டரிக்குள் இருக்கும் சீரியல் எண்ணைப் படிக்கும். அது குறிப்பிட்ட எண்ணாக இருந்தால், உள் பிளாஷ் மெமரியை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து பூட் ஆகும். இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த ஆர்வலர்கள் 2007 இல் சாதாரண பேட்டரியையே அப்படி மாற்றும் முறையை வெளியிட்டார்கள். "பேண்டோரா பேட்டரி" என்று பெயர் வைத்தார்கள். செங்கல்லாகக் கிடந்த கருவிகள் பல உயிர் பெற்றன.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் கதை அங்கே முடியவில்லை. சோனி அடுத்து வெளியிட்ட போர்டுகளில் இந்த வழியை அடைத்தது. பி.எஸ்.பி. 2000 வரிசையில் கடைசியாக வந்த போர்டுகளிலும், 2008 இல் வந்த 3000 மாடலிலும் பேண்டோரா பேட்டரி வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பி.எஸ்.பி.தான். ஒன்றைக் காப்பாற்றலாம், மற்றது பல ஆண்டுகளுக்குக் கதியற்றுக் கிடந்தது. "என் நண்பனுக்குச் சரியாயிற்று, எனக்கும் ஆகும்" என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் நண்பனின் போர்டு வேறாக இருக்கலாம்.

பூட்டை உடைத்தவர்களே வைத்த பொறி

தெரியாத ஆள் எழுதிய பைல்தான் ஆபத்து, பெயர் பெற்ற குழு எழுதியதென்றால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? அதுவும் சரியில்லை.

3டி.எஸ். கருவிக்குக் "கேட்வே" என்ற பெயரில் ஒரு கார்டு விற்றது. விளையாட்டுக் கார்டு நுழையும் இடத்தில் அதைச் செருகினால் நகலெடுத்த கேம்கள் ஓடும். கொஞ்ச நாளில் அந்தக் கார்டுக்கே போலிகள் வந்துவிட்டன! போலிகள் மீது கோபம் கொண்ட கேட்வே குழு, 2014 ஜனவரியில் சுற்றிய தன் சாப்ட்வேர் பதிப்பில் ரகசியமாக ஒரு பொறி வைத்தது. போலி என்று சந்தேகம் வந்தால் 3டி.எஸ். கருவியின் உள் மெமரி சிப்பையே பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிடும். கார்டு விற்றவருக்கும் போலி செய்தவருக்கும் சண்டை. செங்கல்லானது வாங்கியவருடைய கன்சோல். அசல் கார்டு வைத்திருந்த சிலரும் தங்கள் கருவி போய்விட்டது என்று புகார் செய்தார்கள்.

2018 இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு டீம் எக்ஸிக்யூட்டர் என்ற குழு ஒரு மாற்றுச் சாப்ட்வேரை விலைக்கு விற்றது. தங்கள் புரோகிராமை யாரேனும் பிரித்துப் பார்க்க முயன்றால் கருவியின் மெமரியைப் பூட்டும் குறியீடு அதற்குள்ளும் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தக் குழுவைச் சேர்ந்த கேரி பவுசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அது அவர்கள் தொழில் தொடர்பான வழக்கு. பூட்டப்பட்ட கன்சோல்களுக்கு யாரிடம் போய்க் கேட்பது? கள்ளச் சந்தையில் வாங்கிய பொருளுக்கு வாரண்டி கார்டு உண்டா என்ன?

நிறுவனங்கள் மட்டும் ஒழுங்கா?

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கம்பெனி கொடுக்கும் அப்டேட்டை மட்டும் போட்டால் பத்திரம்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2009 செப்டம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட வீ 4.2 அப்டேட், கருவி எழும் ஆரம்பக் கட்டப் புரோகிராமையே மாற்றி எழுதியது. மாற்றப்பட்ட கருவிகளில் ஆர்வலர்கள் அங்கே வைத்திருந்த புரோகிராமை நீக்குவதும் அதன் விளைவு. ஆனால் எந்த மாற்றமும் செய்யாத சில வீ கருவிகளும் இந்த அப்டேட்டில் செங்கல்லாயின. அந்த ஆரம்பப் பகுதியைத் தொடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கருவியைத் தயாரித்த நிறுவனமே தடுமாறும் இடம் அது.

ப்ளேஸ்டேஷன் 3 விஷயத்தில் சோனி செய்தது வேறு மாதிரி. லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம் என்று சொல்லி விற்ற கருவியிலிருந்து, 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட் மூலம் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அப்டேட் போடாவிட்டால் இணைய விளையாட்டு கிடையாது. 2025 மே மாதத்தில் நின்டெண்டோ தன் பயனாளர் ஒப்பந்தத்தைத் திருத்தியது. அனுமதியில்லாத மாற்றங்களைச் செய்தால் கருவியை முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் செய்யலாம் என்று அதில் சேர்த்தது. நாம் பணம் கொடுத்து வாங்கிய பொருளை நம் வீட்டிலேயே செயலிழக்கச் செய்யும் உரிமை விற்றவருக்கு எப்படி வந்தது? இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இணையச் சேவையை நிறுத்துவது ஒன்று, பொருளையே முடக்குவது வேறு. டெலிபோன் பில் கட்டவில்லை என்றால் இணைப்பைத் துண்டிக்கலாம். வீட்டுக்கு வந்து போனை உடைக்கக் கூடாது.

ஆனால் அதற்காகக் கோபப்பட்டு, அவசரத்தில் கன்சோலில் கை வைப்பதால் நிறுவனத்திற்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் நமக்குத்தான்.

செங்கல் ஆகாமலேயே நஷ்டம்

கருவி நன்றாக ஓடினாலும் வேறு இழப்புகள் உண்டு. ஸ்விட்ச் போன்ற கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளச் சான்றிதழ் உள்ளே பதிந்திருக்கும். மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் கணக்கை மட்டுமல்ல, அந்தக் கருவியையே இணையச் சேவையிலிருந்து தடை செய்ய முடியும். புதுக் கணக்கு தொடங்கினாலும் பலனில்லை. பிறகு அந்தக் கருவியைச் செகண்ட் ஹேண்டாக யாராவது வாங்கினால் அவர் தலையிலும் இதுவே விடியும். பழைய கன்சோல் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் அங்கேயே இணையத்தில் இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் 65ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. "மீறும் நோக்கத்துடன்" என்ற சொற்களைக் கவனியுங்கள். தான் எழுதிய புரோகிராமைத் தன் கருவியில் ஓட்டிப் பார்ப்பது ஒரு வகை. கேம்களைத் திருட்டு நகல் போடுவது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம்

நான் வேலை பார்க்கும் இடத்தில், கடைகளில் இருக்கும் பில் போடும் மெஷின்களுக்கு அப்டேட் அனுப்புவது எங்கள் குழுவின் பொறுப்பு. எவ்வளவு சிறிய மாற்றமாக இருந்தாலும் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது சொதப்பினால் பழையதற்கு எப்படித் திரும்புவோம்?" என்பதுதான். அதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் ஒரு பைல்கூட வெளியே போகாது. எங்கோ ஒரு மளிகைக் கடையில், மாலை நேரக் கூட்டத்தில் அந்த மெஷின் நின்றுவிட்டால் அங்கே போய் நிற்க எங்களால் முடியாது அல்லவா?

இதற்கான தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. சிஸ்டம் சாப்ட்வேரை இரண்டு இடங்களில் வைப்பார்கள். ஒன்று ஓடிக் கொண்டிருக்கும்போது மற்றதில் அப்டேட்டை எழுதுவார்கள். புதியது எழவில்லை என்றால் கருவி தானாகப் பழையதற்குத் திரும்பும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு 7.0 பதிப்பிலேயே, அதாவது 2016 இல், இந்த வசதி வந்துவிட்டது. ப்ளேஸ்டேஷன் 4 கருவியில் சேப் மோடுக்குப் போய் யு.எஸ்.பி. டிரைவிலிருந்து சிஸ்டம் சாப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். ஆக, நிறுவனங்கள் நினைத்தால் முடியும். கடையை மூடிவிட்ட பழைய கருவிகளுக்கும் ஓர் அதிகாரபூர்வ மீட்பு வழியை வெளியிட்டுவிட்டுப் போவதுதான் முறை என்பது என் கருத்து. அது வரும் வரை அந்தக் கேள்வியை நமக்கு நாமேதான் கேட்டுக் கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. என் கருவியின் சரியான மாடல், போர்டு, பர்ம்வேர் பதிப்பு எது? மீட்பு வழி இதற்கும் பொருந்துமா? பி.எஸ்.பி. 1000க்குச் சொன்னது 3000க்குப் பொருந்தாது.

2. உள் மெமரியின் முழு நகல் என்னிடம் இருக்கிறதா? வீ, ஸ்விட்ச் போன்றவற்றில் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவிகள் உண்டு. நண்பனின் நகலை வாங்கிப் போட முடியாது. நகலைக் கம்ப்யூட்டரில் ஓர் இடத்திலும், வேறு டிரைவில் ஓர் இடத்திலும் வையுங்கள்.

3. கருவி எழாத நிலையிலும் அந்த நகலை மீண்டும் உள்ளே எழுத முடியுமா? இதுதான் முக்கியமான கேள்வி. 2018 இல் வெளிப்பட்ட ஓட்டையால், ஆரம்ப கால ஸ்விட்ச் கருவிகளில் இது முடியும். அந்த ஓட்டை தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட, மாற்றவே முடியாத புரோகிராமில் இருக்கிறது. பிறகு வந்த கருவிகளில் அது சரி செய்யப்பட்டுவிட்டது. நகல் இருந்தும் எழுத வழியில்லை என்றால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

4. உள் மெமரியைத் தொடாமலே என் தேவை நிறைவேறுமா? ஸ்விட்ச் கருவியில் சிஸ்டத்தின் நகலை மெமரி கார்டில் வைத்து, அதில் மட்டும் மாற்றங்கள் செய்யும் முறை உண்டு. அசலைத் தொடாமல் நகலில் விளையாடுவது எப்போதும் நல்லது.

5. எழுதும் நேரத்தில் மின்சாரம் நிற்காது என்று உறுதியா? பி.எஸ்.பி.யின் அதிகாரபூர்வ அப்டேட்டே சார்ஜரை மாட்டாமல் தொடங்காது. வீ போன்ற கருவியில் பேட்டரியே இல்லை. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் இறங்காதீர்கள்.

ஐந்தில் ஒன்றுக்கு "தெரியவில்லை" என்று பதில் வந்தாலும் நிறுத்திக் கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு இருக்கும் ஒரே கன்சோல் அதுவென்றால், ஐந்துக்கும் பதில் தெரிந்தாலும் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். அதில் அவர்கள் மாதக் கணக்கில் விளையாடிச் சேமித்த கேம்கள் இருக்கும். கடை மூடிய கருவி என்றால், ஏற்கனவே வாங்கி வைத்த கேம்களை மீண்டும் டவுன்லோட் செய்யும் வழியும் எந்நாளும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மாற்றிப் பார்க்கும் ஆர்வம் நல்ல ஆர்வம். எங்கள் துறைக்கு வந்தவர்களில் பலர் எதையாவது பிரித்துப் பார்த்துத்தான் வந்தார்கள். பிரிப்பவர் கையில் மூடும் திருப்புளியும் இருக்கட்டும், அவ்வளவுதான். அது கையில் கிடைக்கும் வரை, பழைய பி.எஸ்.பி. இப்போது இருக்கிறபடியே விளையாடத் தகுந்ததுதான்!